அன்றைக்கு வற்றம் எத்தனை மணிக்கு?

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்களைத் திரட்டி லட்சத்தீவுக்கு அழைத்துப் போகும் குடியிருப்புச் சங்கங்கள், மன்றங்கள், சிறு பயண ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2024இல் பெங்களூரிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு நேரடி விமானம் வந்த பிறகு, ராமமூர்த்திநகர் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டி வரை வாட்ஸ்அப் குழுக்களில் ஏறக்குறைய ஒரே பயணத்திட்டம்தான் சுற்றுகிறது. 8.30க்குச் சிற்றுண்டி, 10க்குக் கண்ணாடிப் படகு, 11க்கு ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மேல் மிதந்து பார்ப்பது), 1 மணிக்கு மீன் சாப்பாடு, 4 மணிக்குக் கடற்கரையில் குழுப் படம். ஆள் கணக்கு 45. தங்குமிடம், ஏசி, சைவச் சாப்பாடு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. அன்றைக்கு வற்றம், அதாவது கடல்நீர் முழுவதும் இறங்கி நிற்கும் நேரம், எத்தனை மணிக்கு என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால்தான், போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து "தண்ணி நல்லா நீலமா இருந்துச்சு, மீன்தான் அவ்வளவா தெரியல" என்கிறார்கள்.

பவளத்தீவில் எந்த உயிர் எப்போது கண்ணில் படும் என்பது நீர்மட்டத்தின் கையில் இருக்கிறது. காலையில் கணுக்கால் அளவு நீரில் நின்று பார்த்த இடம் மதியம் இடுப்புக்கு மேல் போய்விடும். வற்றத்தில் திறக்கும் குழிகள் ஏற்றத்தில் மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் பவளமேட்டுக்கு மேயவரும் மீன்கள் வற்றத்தில் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆகவே நீர்க்கணக்கை முதலில் போட்டுவிட்டு, சிற்றுண்டியை அதற்கு ஏற்ப நகர்த்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கணக்கு கடினமானது இல்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆறே கால் மணி நேரம். மறுநாள் அதே வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும்: இன்று 7.40 என்றால் நாளை 8.30, அதற்கடுத்த நாள் 9.20. ஒரு நாளில் வரும் இரண்டு வற்றங்களும் ஒரே ஆழத்துக்கு இறங்குவதில்லை. ஏற்ற வற்ற நேரங்களையும் நீர்மட்டத்தையும் தரும் முன்கணிப்புப் பட்டியலில் எந்த வற்றத்தின் எண் சிறியதோ அதைப் பகலில் கிடைக்கும்படி தேடிப் பிடியுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இந்த முன்கணிப்புகளை இலவசமாகவே தருகிறது.

அதற்கும் முன்னால், சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீர் மிக உயர்ந்து மிகத் தாழும். அந்த நாட்களில் பவளமேட்டின் ஓரம் வரை நடந்து பார்க்கலாம். அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும். அப்போது மேடு சரியாக வெளியே தெரியாது, ஆனால் இழுப்பு குறைவாக இருப்பதால் புதிதாக ஸ்நார்க்கெல் பிடிப்பவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான நாள் இல்லை. அஷ்டமி நவமியில் பயணம் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், நடைக்கு அவர்கள் சொல்வது சரி, நீச்சலுக்குத் தவறு என்று மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வற்றம் காலை 8.30, ஏற்றம் பிற்பகல் 2.40. இரண்டுக்கும் வேறுபாடு 1.2 மீட்டர் என்று வையுங்கள். நீர் ஒரே சீராக ஏறாது. மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் பழகிய பன்னிரண்டு பங்குக் கணக்கு இது: முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நம் உதாரணத்தில் 10, 20, 30, 30, 20, 10 சென்டிமீட்டர். முதல் ஒரு மணி நேரம் நீர் ஏறுவதே தெரியாது. "இன்னும் கொஞ்சம் தூரம் போவோம்" என்று தோன்றுவது அப்போதுதான். பிறகு மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் 60 சென்டிமீட்டர் ஏறி, வந்த வழியில் இருந்த பள்ளம் குழந்தையின் கழுத்துக்கு வந்துவிடும். அதனால் நடையை வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தொடங்கி, வற்றம் கழிந்து அரை மணிக்குள் கரை சேர வேண்டும். இந்த நாளில் அது 7 முதல் 9 வரை. சிற்றுண்டி 9.15க்கு. ஆறரைக்கு ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் தேநீரும் கொடுத்துவிட்டால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

நடைக்குக் கெட்டியான அடிப்பாகம் உள்ள, குதிகாலை மூடும் காலணி வேண்டும். ரப்பர் செருப்பு கூடாது. கடல் முள்ளியின் முள் அதைத் தைத்துக்கொண்டு உள்ளே போய் முறிந்து தங்கிவிடும். கால் வைக்கும் இடம் மணலாகவோ, உதிர்ந்த பவளச் சிதறலாகவோ இருக்க வேண்டும். கிளை கிளையாக இருப்பது, வழவழப்பாக நிறத்தோடு இருப்பது எல்லாம் உயிருள்ளவை. கல்லைப் புரட்டிப் பார்க்கும் ஆசையைக் குழந்தைகளுக்கு முன்பே பெரியவர்கள் அடக்க வேண்டும். கல்லின் அடிப்பக்கம் ஒட்டியிருப்பவை வெயிலைக் காணாத உயிர்கள். புரட்டிய கல்லை அப்படியே விட்டுவந்தால் சிறிது நேரத்தில் காய்ந்து சாகும்.

நின்று பார்த்தால் நடப்பதைவிட அதிகம் தெரியும். ஒரு குழியைத் தேர்ந்தெடுத்து, நிழல் நீரில் விழாதபடி வெயிலை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் குந்துங்கள். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் நீர்மேல் மினுக்கம் அடங்கி அடித்தளம் தெளிவாகும். முதல் நிமிடத்தில் வெறும் கல்லும் மணலும்தான். இரண்டாவது நிமிடத்தில் கிடந்த சங்குகளில் சில நடக்கத் தொடங்கும், அவை சங்கு நண்டுகள். பிறகு கல்லிடுக்கில் நீலமும் பச்சையுமாக, புள்ளி புள்ளியாக, அலையும் உதடு போன்ற ஒன்று விரியும். கல்லுக்குள் பாதி புதைந்து வாழும் பெருஞ்சிப்பி அது. கையை மேலே நீட்டி நிழலை மட்டும் விழவிடுங்கள், தொட வேண்டாம். உதடு படக்கென்று உள்ளே போய் ஓடு மூடும். அந்த உதட்டின் ஓரம் நெடுகிலும் வெளிச்சத்தை உணரும் நுண்கண்கள் இருக்கின்றன. ஒரு முறை செய்துபார்த்தால் போதும். 45 பேரும் வரிசையாகச் செய்தால், வெயிலை வாங்கி உணவாக்கும் பாசி அந்த உதட்டில்தான் இருக்கிறது என்பதால், அதற்கு அன்று பட்டினி.

மேட்டின் விளிம்பில், முழங்கால் நீரில், கருமுனைச் சுறாவின் குட்டிகள் கருப்பு மை தொட்ட முதுகுத்துடுப்போடு சுற்றும். முழங்கை நீளம்தான் இருக்கும். கூச்சல் போட்டால் ஓடிவிடும் என்பதைத் தவிர அவற்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று கூம்பு வடிவச் சங்கைப் பொறுக்குகிறார்களே, அதில் சில இனங்களுக்கு நஞ்சு பாய்ச்சும் ஊசிப்பல் உண்டு, ஆளையே கொல்லும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க விரலை விடுபவர்கள் உண்டு. சங்கைத் தொடாதே என்பது ஒரே விதி, விலக்கு கிடையாது.

இதே நேரத்தில் நடக்க முடியாத மூத்தவர்களைக் கரையில் சும்மா உட்கார வைக்காதீர்கள். 8×42 தொலைநோக்கி ஒன்றைக் கையில் கொடுங்கள். வற்றத்தில் திறந்த சேற்றையும் மணலையும் நாடி வலசைப் பறவைகள் இறங்கும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மணல் உப்புக்கொத்திகள், கல்லைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளான், கனத்த கறுப்பு அலகுள்ள நண்டுதின்னி, ஓரமாகக் கரைக்கொக்கு. நீர் ஏறத் தொடங்கியதும் இவை மெல்ல மெல்லக் கரையை நோக்கித் தள்ளப்பட்டு வரும். உட்கார்ந்திருப்பவரைத் தேடிப் பறவைகளே வரும் முக்கால் மணி நேரம் அது. ஆலாக்கள் முட்டையிடும் பிட்டி போன்ற மணல்திட்டுகளுக்குப் படகு விட ஆசைப்படாதீர்கள். ஒரு படகு நெருங்கினால் கூட்டமே எழும்பும், நிழல் இல்லாத மணலில் முட்டை வெந்துபோகும்.

10.30 முதல் 12 வரை கண்ணாடிப் படகு. வெயில் தலைக்கு மேல் இருப்பதால் கண்ணாடி வழியாக அடித்தளம் தெரியும் நேரம் அதுதான், இந்த ஒன்றில் உங்கள் திட்டம் சரி. படகுக்காரரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் கேளுங்கள்: நங்கூரத்தை மணலில் போடுவாரா, மிதவையில் கட்டுவாரா? பவளத்தில் போடும் ஒரு நங்கூரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும் கிளைகளை ஒரே இழுப்பில் நொறுக்கும். அடுத்து, ரொட்டி தூவி மீனைக் கூட்டுவாரா? கூட்டினால் ஒரே ஜாதி வரிமீன்தான் படையெடுத்து வரும், மற்றவை விலகிப்போகும். ரொட்டிப் பழக்கம் பிடித்த மீன்கள் பிறகு நீந்துபவரின் விரலையும் கடிக்கும்.

ஸ்நார்க்கெலிங்குக்கு ஏற்றத்தின் உச்சியை ஒட்டிய நேரமே சரி, நம் கணக்கில் 1.45 முதல் 3 வரை. அப்போது நீரோட்டம் தணிந்து நிற்கும், மேட்டின் ஓரத்தில் ஒன்றரை ஆள் நீர் இருக்கும் இடத்தைத் தேர்ந்தால் கால் தட்டாது. நீர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும், பாறை வளையத்தில் படகு நுழையும் வாய்ப் பகுதிக்கு அருகே யாரையும் இறக்கக் கூடாது. உள்கடலின், அதாவது பாறை வளையத்துக்குள் அடங்கிய கடலின், நீரில் பெரும்பகுதி அந்த வாய் வழியாகத்தான் வந்து போகும்.

தோல்வி பெரும்பாலும் மாஸ்க்கில் தொடங்குகிறது. பொருத்தம் பார்க்க வாரை மாட்டவே வேண்டாம். முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுத்துக் கையை விடுங்கள். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் மாஸ்க். நம் ஆட்களுக்குத் தனிப் பிரச்சினை மீசை. மேலுதட்டில் முடி வழியாக நீர் கசியும். மீசையின் மேல்விளிம்பில், மூக்கின் அடியில் மெல்லிசாக வாசலின் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும். மழிக்கச் சொல்லிக் குடும்பத்தில் கலகம் மூட்ட வேண்டியதில்லை. புது மாஸ்க் ஆவி படியக் காரணம் தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த சிலிக்கோன் படலம். சாதாரண வெள்ளைப் பற்பசையால் உட்புறத்தை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள், இறங்கும் முன் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூ பூசி அலசுங்கள். கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. அதை ஊரிலேயே வாங்குங்கள், தீவில் தேடாதீர்கள். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வேண்டாம். விட்ட மூச்சுக்காற்று சில வகைகளில் உள்ளேயே தேங்குகிறது, நீர் புகுந்தால் சட்டென்று கழற்றவும் வராது.

நீந்தத் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம், இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த ஜாக்கெட் ஆளைச் செங்குத்தாக நிறுத்தும், கால் கீழே தொங்கும், பதற்றத்தில் சைக்கிள் மிதிப்பார்கள், பவளம் உடையும், கிளம்பும் மணல் மிச்சப் பவளத்தின் வாயை அடைக்கும். ஆகவே ஜாக்கெட் ஆட்களை மணல் தரையுள்ள இடத்தில், பவளத் திட்டின் ஓரமாக மட்டும் மிதக்கவிடுங்கள். பார்ப்பதற்கு அங்கே குறைவில்லை. ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேர், அதற்கு மேல் போனால் அவர் எண்ணிக்கொண்டிருப்பாரே தவிர காட்ட மாட்டார். 45 பேரை ஒரே நேரத்தில் இறக்குவதைக் கைவிடுங்கள். எட்டு எட்டுப் பேராக, தொகுதிக்கு 40 நிமிடம், ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் மூன்று நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள். 28 டிகிரி நீரும் 45 நிமிடத்தில் குழந்தைகளை நடுங்க வைக்கும். உதடு வெளுத்தால் மேலே ஏற்றிவிடுங்கள்.

நீரில் இறங்கியவர் சுற்றிக்கொண்டே இருந்தால் வால்களைத்தான் பார்ப்பார். மீன்கள் தம்மைச் சுத்தம் செய்துகொள்ள வரும் துப்புரவு நிலையம் ஒன்றைக் கண்டுபிடித்து மூன்று மீட்டர் தள்ளி மிதந்தால் போதும். பெரிய மீன் ஒன்று, பெரும்பாலும் கலவா, வாயைப் பிளந்து செவுளை விரித்து அசையாமல் நிற்கும். சுண்டுவிரல் நீளத்தில் நீலக்கோடு ஓடிய குட்டி மீன் அதன் வாய்க்குள் புகுந்து ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்றுவிட்டுச் செவுள் வழியே வெளியேறும். பின்னால் இரண்டு மூன்று மீன்கள் முறைக்குக் காத்திருக்கும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். கரகரவென்று அப்பளம் நொறுங்குவது போலக் கேட்பது கிளிமீன் பவளப்பாறையைக் கடிக்கும் சத்தம். கடித்ததை அரைத்து, பாசியைச் செரித்து, மிச்சத்தை வெண்மணலாகக் கழிக்கும். நீங்கள் குழுப் படம் எடுக்கும் வெள்ளைக் கடற்கரையில் கணிசமான பங்கு அப்படி வந்ததுதான். பெரிய கிளாத்தி ஒன்று உங்களை நோக்கிப் பாய்ந்தால் அது முட்டையைக் காக்கிறது. அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் வடிவம், அதனால் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

ஆமை தெரிந்தால் பின்னாலிருந்து துரத்தாமல் பக்கவாட்டில் இருங்கள், அதற்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் வராதீர்கள். மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிர் அது. அகத்தியின் உள்கடலில் பேராமைகளைப் பார்ப்பது எளிது, அதற்குப் பின்னே ஒரு சிக்கலான கதையும் உண்டு. ஆமைகள் மிகுதியாகக் கூடி கடற்புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டதில் புல்லில் ஒதுங்கி வளரும் மீன் குறைந்தது, ஆமைக்கும் மீனவருக்கும் உரசல் வந்தது, புல் தீர்ந்ததும் ஆமைகள் வேறு தீவுகளின் உள்கடலுக்கு நகர்ந்தன. வழிகாட்டியிடம் "எத்தனை ஆமை காட்டுவீங்க?" என்று பேரம் பேசுவதைவிட இந்தக் கதையைக் கேட்டால் அவரும் உற்சாகமாகப் பேசுவார். தீவில் பேசும் ஜெசரி மலையாளம் நமக்குப் பாதி புரியும்.

மாதம் பற்றிச் சொல்லாமல் முடியாது. பள்ளி விடுமுறை என்று ஏப்ரல், மே மாதங்களைத்தான் நீங்கள் பிடிக்கிறீர்கள். கடல் மிகவும் சுடும் காலம் அது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவு இப்படி வெளுத்தது. 1998க்கும் 2022க்கும் இடையே அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் தொடர்ந்து பார்த்ததில் உயிர்ப்பவளத்தின் பரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது. வெளுத்த திட்டைக் காட்டி "ஒயிட் கோரல், ரொம்ப ரேர்" என்று சொல்லும் படகுக்காரரை நம்பிப் படம் எடுக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பவளம் அது. இன்காய்ஸ் வெளியிடும் பவள வெளுப்பு எச்சரிக்கையைப் பயணத்துக்கு முந்தைய வாரம் பார்த்து, எச்சரிக்கை இருந்தால் நீச்சலைக் குறைத்து நடையையும் பறவையையும் கூட்டுங்கள். முடிந்தால் டிசம்பர் கடைசி முதல் மார்ச் நடுவரை நாள் பிடியுங்கள். நுழைவு அனுமதிக்கு நாளாகும், ஆதலால் தேதியை முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

சன்ஸ்கிரீனைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். பவளத்தைக் காக்க, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ள களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை செய்திருக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும், வெள்ளையாகப் பூசிக்கொண்டு கோமாளி போல இருந்தால் இருக்கட்டும்.

மருந்துப் பெட்டியில் வெந்நீர் பிளாஸ்க்கும் வெப்பமானியும் சேருங்கள். கல்மீன், சிங்கமீன், திருக்கை முள் குத்தினால் 45 டிகிரிக்கு மேற்படாத சூட்டில், தாங்கும் அளவுக்கு, அரை மணி முதல் ஒன்றரை மணி வரை அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பதே முதலுதவி. வலி குறையத் தொடங்கினாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். பவளம் கீறினால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, துணுக்கை எடுத்துவிட்டு மருந்து போடுங்கள். எலுமிச்சை பிழிவது பழக்கம், பலன் எரிச்சல் மட்டும். யாராவது ஸ்கூபா முயன்றால், பல முழுக்குக்குப் பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கடைசி நாள் காலையில் முழுக்கு, மதியம் விமானம் என்ற திட்டத்தை நாங்கள் பார்த்த எல்லாத் தாள்களிலிருந்தும் கிழித்தெறிய வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் சூரை கேளுங்கள். தூண்டில் கழியால் வெளிக்கடலில் ஒவ்வொன்றாகப் பிடிப்பது தீவின் பழைய தொழில். கிளிமீன், கலவா வறுவல் வேண்டாம். காலையில் பார்த்ததை மதியம் இலையில் போடுவது ஒரு மாதிரியாகவும் இருக்கும்.

பைகளைப் பூட்டும் முன் ஒரு சோதனை. பாறைப் பவளம் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடல் அட்டைக்கும் பெருஞ்சிப்பிக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கரை ஒதுங்கிய செத்த துண்டு என்பது சமாதானம் ஆகாது. விமான நிலைய ஊடுகதிர்ப் பெட்டியில் அது பளிச்சென்று தெரியும். அகத்தி ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான், சிறு விமானம், எடை கறாராகப் பார்க்கப்படும். மாஸ்க்கைக் கைப்பையில் வையுங்கள்.

கடைசியாக, புறப்படுவதற்கு இரண்டு ஞாயிறு முன்பு உங்கள் குடியிருப்பு நீச்சல் குளத்தில் ஒத்திகை வையுங்கள். நான்கு அடி நீர் போதும்: மாஸ்க் பொருத்தம், குழாயில் நீர் புகுந்தால் ஊதி வெளியேற்றுதல், இடுப்பிலிருந்து ஃபின்ஸ் அடித்தல், பத்து நிமிடம் கால் ஊன்றாமல் மிதத்தல். தேதியைச் சொன்னால் எட்டுப் பேருக்கு ஒருவராக நாங்கள் வந்து பார்த்துத் தருகிறோம். கட்டணம் இல்லை. மீசை வைத்தவர்கள் வாசலின் டப்பாவோடு வரவும்.

இப்படிக்கு,
பெங்களூரில் கடலுயிர் பார்த்தலில் ஈடுபட்டுள்ள தமிழர்கள் சிலர்